பாண்டிச்சேரியில் கரைந்த ஐஸ்

1

போன மாதம் என் மகளை அடித்துவிட்டேன். எட்டு வயதுக் குழந்தை. வீட்டுக்குள் வைத்துக்கூட அல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவள் செய்த குற்றம், தம்பிக்கு ஐஸ் கொடுத்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ராயபுரத்தில் இதைப் படிக்கிறவர்கள், “மேரிக்கு அந்தக் குளிர்ல மூளையே ஒறைஞ்சி பூட்ச்சி” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எங்கள் தெருக்காரர்களை எனக்குத் தெரியாதா!

இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கணவர் சேவியர் தூத்துக்குடிக்காரர், டயர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். மகள் லில்லி. மகன் பீட்டருக்கு ஐந்து வயது. நாங்கள் இருப்பது நாட்டின் நடுவில் இருக்கும் ஒரு தொழிற்சாலை ஊர். எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடல் வெகு தூரம். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் மூடியதும் இந்த ஊர்க்காரர்கள் காரின் தலையில் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். என் பிள்ளைகளும் வருஷா வருஷம் கேட்பார்கள். நானும் வருஷா வருஷம் தட்டிக் கழிப்பேன். லீவு இல்லை, கார் சரியில்லை, கடல் என்ன கடல், நான் பார்க்காத கடலா என்பேன். உண்மையான காரணத்தைச் சேவியரிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருஷம் ‘விடுமுறையில் நான் செய்தது’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்களாம். அம்மாவோடு துணி வெளுக்கும் கடைக்குப் போய் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்தேன் என்று லில்லி எழுதி வைத்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் நலம்தானே என்று மெதுவாக விசாரித்தாள். மானம் போய்விட்டது. அதனால்தான் இந்த வருஷம் வேல்ஸ் கடற்கரைக்குக் கிளம்பினோம்.

பிள்ளைகளுக்கு ரொட்டி, எங்களுக்குப் புளிச்சோறு. ஆரஞ்சு ஜூஸில் போட வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் ஐஸ் கட்டிகள். அது சேவியரின் யோசனை. ரேடியோவில் கடும் வெயில், ஜாக்கிரதை என்று பதறிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் மார்கழி மாதம் அடிக்கிற வெயில்தான்.

இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. பின் சீட்டில் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தேன். லில்லி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கட்டியாக எடுத்துத் தம்பி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மோவாயில் தண்ணீர் சொட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான். “நிறுத்துங்க காரை” என்று நான் கத்திய கத்தலில் சேவியர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

லில்லி அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்குத் தமிழில் சாப்பிடு, தூங்கு, வா, போ இவ்வளவுதான் தெரியும். எனக்கோ அவளுக்குப் பதில் சொல்ல இரண்டு பாஷையிலும் வார்த்தை இல்லை. சாலை ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

“ஏட்டி மேரி, உனக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? பச்சப் புள்ளயப் போட்டு அடிக்கிய?” என்றார் சேவியர்.

2

என் தம்பி பெயர் அருளப்பன். நாங்கள் அருளு என்போம். எனக்கு எட்டு வருஷம் இளையவன். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அம்மாவுக்கு அவன் என்றால் உயிர். எனக்கும்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அவனுக்கு ஐந்து நடக்கும்போது ஒரு ஜுரம் வந்தது. முழங்கால் வீங்கும், அது வடிந்தால் மணிக்கட்டு வீங்கும். பதினைந்து நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஏற்றுவதாக வேண்டுதல். எழுந்து நடந்தான். அம்மா அவனைச் சுவரோரம் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை நூல் பிடித்து அளந்தாள். கோயிலுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வார்க்கிறவரிடம் அந்த நூலைக் கொடுத்தாள். மூன்றரை அடி. இரண்டு விரல் கனம்.

வேண்டுதலை அந்த மே மாதமே முடித்துவிடவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ரயிலில் கூட்டத்தில் மெழுகுவர்த்தி உடைந்துவிடும் என்று பயம். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். இடுப்பில் எப்போதும் ஓர் இரும்புக் கொக்கி செருகியிருக்கும், மூட்டையைக் குத்தி இழுக்க. அவருடைய தோஸ்து தேசிங்கு, காசிமேட்டிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. முதலாளி கையைக் காலைப் பிடித்து அந்த வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். பினாயிலை ஊற்றி எத்தனை கழுவியும் கவிச்சி போகவில்லை. எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா! ஊருக்கே போகாத பிள்ளைகள் வண்டி ஏறுகிறோம்.

மெழுகுவர்த்தி வார்த்தவர் ஒன்று சொல்லி அனுப்பினார். “மே மாசத்து வெயிலு. இது வளைஞ்சிடும். ஐஸு மேல வெச்சி எத்துக்கினு போ.” மீன் வண்டிதானே. நைனா ஐஸ் பேக்டரியிலிருந்து முழு பார் ஒன்று கொண்டுவந்து, வண்டியின் பின்பக்கம் மரத்தூள் கொட்டி, சாக்கு போட்டு மூடினார். அதன் மேல் ஈரச் சாக்கில் சுற்றிய மெழுகுவர்த்தி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. அம்மா, நைனா, தேசிங்கு மூவரும் முன்னால். நானும் அருளுவும் பின்னால், ஐஸுக்குக் காவல்.

ஏறும்போது அம்மா சொன்னாள்: “மேரி, ஐஸ தொட்ட, தோல உரிச்சிடுவேன். அது ஒந் தம்பி உசுருடி.”

3

விடிவதற்குள் கிளம்பி, செங்கற்பட்டு, திண்டிவனம் எல்லாம் கடந்து பாண்டிச்சேரிக்குப் போனபோது உச்சி வெயில் ஏறியிருந்தது. அப்போது மெட்ராஸில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் அது கிடையாது. நைனாவின் தலையெழுத்து முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

“டயரு ரவ எறங்கிக்கீது, பாத்துக்கினு வந்துர்றோம்” என்று நைனாவும் தேசிங்கும் நழுவினார்கள். எந்த டயர் என்று அம்மாவுக்குத் தெரியும். வழி நெடுக வாந்தி எடுத்ததில் சண்டை போடத் தெம்பில்லை. எதிரே இருந்த கோயிலுக்குள் போய் குளிர்ந்த தரையில் சாய்ந்துவிட்டாள்.

வண்டிக்குள் அடுப்பில் போட்ட மாதிரி வெந்தோம். அருளு என் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

“அக்கா, ரவ ஐஸு குடுக்கா.”

“அம்மா கொன்னுடும்.”

“ரவோண்டு. நாக்குல வெச்சிக்கினு துப்பிடறேன்.”

அவன் உதடு வெடித்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நைனா கழற்றி வைத்திருந்த கொக்கியை எடுத்து, சாக்கை விலக்கி, ஐஸின் ஓரத்தில் ஒரு குத்து குத்தினேன். ஒரு சில்லு வந்தது. வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். ஜுரம் வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன். அப்புறம் எனக்கொன்று.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திறந்த கதவுப் பக்கம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

“அவனுக்கும் குடுக்கா. பாவம், வாயப் பாத்துக்கினு கீறான்” என்றான் அருளு.

கொடுத்தேன். இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் என்னை அக்கா, அக்கா என்று கெஞ்சுகிறார்கள். பதிமூன்று வயதில் அதைவிட வேறென்ன வேண்டும்! ராணி மாதிரி உட்கார்ந்து குத்திக் குத்திக் கொடுத்தேன். அருளு தன் கையாலேயே வாங்கி வாங்கிப் பங்கு வைத்தான். சாக்கு ஒரு பக்கம் கிடக்கிறது, மரத்தூள் சிதறிக் கிடக்கிறது, கதவு வழியாக வெயில் நேராக உள்ளே விழுகிறது. எதுவும் என் கண்ணில் படவில்லை.

நைனா திரும்பி வந்தபோது பிள்ளைகள் சிதறி ஓடின. அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முழு பாரில் கால்வாசிதான் மிச்சம், அதுவும் ஒழுகிக்கொண்டிருந்தது. கொக்கி ஈரமாகக் கிடந்தது. என் இரண்டு கையும் விறைத்துச் சிவந்திருந்தன. அவர் வாயில் சாராய வாடை அடித்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. திட்டவே இல்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைகளைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மரத்தூளை வாரிப் போட்டு, சாக்கை மூடி, மேலே மெழுகுவர்த்தியைச் சரியாக வைத்தார்.

“கம்முனு இரு. அம்மாவாண்ட இன்னாத்தையும் சொல்லாத. கடலூர்ல ஐஸு வாங்கிப் போட்டுக்கலாம்” என்றார்.

கடலூரில் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பேக்டரி பூட்டிக் கிடந்தது. நைனா அந்த வெயிலில் துறைமுகம் வரை ஓடினார். கடைசியில் ஒரு சோடாக் கடையில் தேங்காய் அளவு ஐஸ் கிடைத்தது. அதைத் துண்டில் சுற்றி, சொட்டச் சொட்ட ஓடிவந்தார். முன் சீட்டில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

4

வேளாங்கண்ணியில் சாக்கைப் பிரித்தோம். மெழுகுவர்த்தி நடுவில் வளைந்து கிடந்தது.

“ஐஸு எங்கயா?” என்று அம்மா கேட்டாள்.

“கரைஞ்சி பூட்ச்சி.”

“முயு பாரு எப்பிடி கரையும்?”

அம்மா அவர் அருகில் போய் முகர்ந்தாள். “பாண்டிச்சேரில குந்திக்கினு ஐஸ ஒடைச்சிப் போட்டு ஊத்திக்கினீங்களா, ரெண்டு பேரும்?”

நான் நைனாவுக்குப் பின்னால் அருளுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நைனா திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் அசைத்தார். வேண்டாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் அடிக்குப் பயந்து மூடிக்கொண்டேன். அதை அழகாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது!

அம்மா மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நிமிர்த்தினாள். நடுவில் பட்டென்று முறிந்தது. அருளுவை அளந்த நூல் அவள் முந்தானையில் முடிந்திருந்தது. அதை எடுத்து இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டினாள். ஏற்றி நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் மேல் பாதி சரிந்து விழுந்து அணைந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “மனசுதாம்மா முக்கியம், மாதா ஏத்துக்குவா” என்றாள். என் அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருளு மட்டும் சந்தோஷமாக இருந்தான். கடலில் காலை நனைத்துக்கொண்டு, “அக்கா, நம்ம கடலாட்டமே கீது” என்றான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவனுக்கு மறுபடி ஜுரம் வந்தது. இந்தத் தடவை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தான். ஒன்பதாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

இன்று நான் நர்ஸ். எனக்குத் தெரியும். தொண்டையில் வந்த புண்தான் மூட்டுக்குப் போய், இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது. அதற்கு ஊசி இருக்கிறது. மெழுகுவர்த்தி நிமிர்ந்து நின்றிருந்தாலும் அவன் போயிருப்பான். இதே நோயோடு வருகிற வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு நானே மாதா மாதம் அந்த ஊசியைப் போடுகிறேன். போட்டுவிட்டு மருந்து அறைக்குள் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் யார் சொல்வது? காசிமேடு கல்லறையில் குழியை மூடுவதற்கு முன்னால், தெரு ஜனம் அத்தனையும் நிற்கும்போது, அவள் நைனாவைப் பார்த்துச் சொன்னாள்:

“எம் புள்ள உசுர ஐஸாட்டம் ஒடைச்சிக் குடிச்சியேயா. இனிமே ஒன்னாண்ட எனக்குப் பேச்சு இல்ல.”

நைனா தலை குனிந்து நின்றார். அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. குடியை நிறுத்தியதையே தெரு குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

5

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. அதே வீடு, அதே அடுப்பு. சமைத்தாள், துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான்.

“மேரி, ஒங்க நைனாவ துன்ன வரச் சொல்லு.”

“மேரி, கெரசின் தீந்துபூட்ச்சின்னு சொல்லு.”

நைனா ஓரடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் அதை மறுபடி சொல்வேன். அவர் எனக்குப் பதில் சொல்வார், நான் அதை அம்மாவுக்குச் சொல்வேன். எட்டு வருஷம் இந்த உத்தியோகம் பார்த்தேன். நர்ஸ் படிப்புக்குப் போனபோதுகூட ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், வாரம் முழுவதும் சேர்த்து வைத்ததை இரண்டு பேரும் என்னிடம் கொட்டுவார்கள்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். ஒருமுறை நைனாவிடம் கேட்டேவிட்டேன். “நைனா, நான் அம்மாவாண்ட சொல்லிர்றேன்.”

“சொல்லி?” என்றார். “அப்பால ஒன்னாண்டயும் பேச மாட்டா. இந்த வூட்ல அவளுக்குப் பேச ஒரு ஆளு வோணாமா?”

அந்த ஆளும் ஒரு நாள் விமானம் ஏறிப் போய்விட்டாள். லண்டனில் நர்ஸ் வேலை என்று தெருவே மாலை போட்டு அனுப்பியது. நைனா மீனம்பாக்கம் வரை வந்து, “உஸாரா இரு” என்றார். அவ்வளவுதான். நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சு இல்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் படித்துச் சொல்வாள், பதிலும் எழுதுவாள். அவள்தான் ஒரு கடிதத்தில் எழுதினாள்: “உங்கம்மா இப்போ கோழி ஒண்ணு வளக்குது மேரி. நைனா சாப்பிட நேரமாச்சுன்னா, ‘ஏ கோயி, சோறு ஆறிக்கினு கீது’ன்னு கோழியாண்ட சொல்லுது. அவரும் எழுந்து வந்து சாப்பிடறாரு. எங்களுக்குச் சிரிப்பா வரும்.” அந்தக் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தந்தி வந்தது. நைனா காலமானார், உடனே புறப்படு என்று ஸ்டெல்லா அக்கா அடித்தது. என் பாஸ்போர்ட் அப்போது பீட்டரின் பெயரைச் சேர்ப்பதற்காக ஓர் அலுவலகத்தில் கிடந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிதானமாகப் படித்துவிட்டு, “இதில் நைனா என்று இருக்கிறது. உங்கள் தகப்பனார் பெயர் ஆரோக்கியசாமி என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்? இந்த நைனா உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார். நைனா என்றால் அப்பா என்று சொன்னேன். அதற்கு அத்தாட்சி கேட்டார். அப்பாவை அப்பா என்று கூப்பிட்டதற்கு யாரிடம் போய் அத்தாட்சி வாங்குவது! பாஸ்போர்ட் கைக்கு வர பத்து நாள் ஆயிற்று. அதற்குள் நைனாவை அருளுவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பெட்டியை மூடும்போது அம்மா வாயைத் திறந்தாளாம். பேசப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்களாம். பேசவில்லை என்று ஸ்டெல்லா அக்கா எழுதியிருந்தாள்.

6

வேல்ஸ் கடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு கடல். கட்டுமரம் இல்லை, கருவாடு இல்லை, சத்தம் போட ஒரு மனுஷர் இல்லை. சேவியரும் பீட்டரும் மணலில் வீடு கட்டினார்கள். லில்லி என்னை விட்டு நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

என் இங்கிலீஷ் வார்டுக்குப் போதும். மாத்திரை சாப்பிட்டீர்களா, வலிக்கிறதா, அதற்கெல்லாம் போதும். தம்பி, கொக்கி, வேண்டுதல், நைனா, இதையெல்லாம் சொல்ல அது போதவில்லை. இருந்தும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பாதியில் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆயாவுக்கு இது தெரியுமா?” என்று என் அம்மாவைக் குறித்துக் கேட்டாள்.

“தெரியாது.”

“தாத்தா செய்யவில்லை என்று இன்னும் தெரியாதா?”

“தெரியாது.”

“நீ ஏன் ஸாரி சொல்லவில்லை?”

இந்த ஊரில் பஸ்ஸில் கால் பட்டால் ஸாரி, தும்மினால் ஸாரி. வாய்க்கு வருகிறதைச் சொல்வதற்கு ஒரு வார்த்தை என்று நான் கேலி பேசுவேன். எட்டு வயதுப் பிள்ளை கேட்டதைப் பதினெட்டு வருஷமாக என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் நான் விடவில்லை. அவள் கன்னத்தைத் தடவி, “ஸாரி லில்லி” என்றேன்.

“எனக்கு இல்லை, ஆயாவுக்கு” என்றாள்.

7

ஊர் திரும்பிய மறுநாள் எழுதினேன். பாண்டிச்சேரி, கொக்கி, தெருப் பிள்ளைகள், எல்லாம் எழுதினேன். நைனா அன்று வண்டிக்குள் எட்டிப் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. ஸ்டெல்லா அக்கா படித்தால் அந்தச் சந்து முழுவதும் கேட்கும் என்று தெரியும். கேட்கட்டும். அம்மா நைனாவைத் தெரு ஜனத்தின் முன்னால் வைத்துத்தானே சொன்னாள்? “அக்கா, வாசலில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள்” என்று மேலேயே எழுதினேன். நைனாவுக்கு நியாயம் செய்கிறேன் என்று நினைத்தேன். மனசு லேசாகிவிட்டது என்றுகூடச் சேவியரிடம் சொன்னேன்.

போன வாரம் பதில் வந்தது. வழக்கமாக ஸ்டெல்லா அக்கா அம்மா சொல்வதைத் திருத்தி, நல்ல தமிழில் எழுதுவாள். இந்தத் தடவை அம்மா சொன்னபடியே எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்:

“மேரி, நான் நல்லா கீறேன். ஸ்டெல்லா லெட்டர படிச்சா. இன்னொரு தபா படிக்கச் சொன்னேன். நீ அப்ப சின்னப் பொண்ணு. தம்பி கேட்டான், ஐஸு குடுத்த. அதுல இன்னா தப்பு கீது? நல்லதுதான் பண்ணே, அவன் சிரிச்சான்னு எய்திக்கீற, அத கேட்டு சந்தோசம். ஒம் மேல கோவம் இல்ல. ஆனா அந்த மன்சனாண்ட பாஞ்சு வருசம் பேசாத இருந்துட்டேனேடி. சோறு துன்னுக்கினே என் மூஞ்சியப் பாப்பாரு, நான் அந்தாண்ட திரும்பிக்குவேன். கோயியாண்ட பேசினேனே. இப்ப சொல்ற. இப்ப நான் போயி யாராண்ட பேசறது? தெனம் கல்லறைக்கிப் போறேன். குந்திக்கினு கீறேன், வார்த்தை வர மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீதான்னு அவுருக்குத் தெரியுமா? அத மட்டும் எய்து.”

இவ்வளவுதான் கடிதம். கீழே ஸ்டெல்லா அக்கா தன் பங்குக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் நைனாவுக்குச் செய்த நியாயம் எங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதியிருந்தால், அந்தச் சந்தில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசியிருப்பார்கள். ஒரு வருஷமோ, ஒரு மாதமோ, ஒரு வேளைச் சோற்றுக்காவது பேசியிருப்பார்கள். எனக்கு இங்கே ஷிப்ட், வீடு, குழந்தை, பாஸ்போர்ட் என்று ஆயிரம் வேலை இருந்தது.

அம்மாவின் கேள்விக்குத் தெரியாது என்று எழுதலாம். எழுதினால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். அந்த மனுஷரும் ஒன்றும் தெரியாமல் குழம்பித்தான் போனார் என்று நினைத்துக்கொள்வாள். நான்கு நாள் ஷிப்ட் முடிந்து வந்து, காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேவியர், “பொய்தான எழுதணும்? எழுதிரு, அந்தக் கெழவி நிம்மதியா இருக்கட்டும்” என்றார். லில்லி பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

நேற்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். தெரியும் அம்மா என்று எழுதினேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்ததுமே தெரியும். துண்டால் என் கையைத் துடைத்துவிட்டு, கம்முனு இரு என்றார். நைனா சொன்னதில் நான் கேட்டது அந்த ஒரு பேச்சைத்தான்.